கொழும்பில் ஜெரேனியம்: மழையைப் பார்த்துக் கத்தரியை எடுங்கள்

ஏப்ரல் வசந்தகாலத்துக்கு நுவரெலியா போய்வருகிறவர்களின் வான் வண்டியிலிருந்து லீக்ஸ், கரட்டோடு ஒரு ஜெரேனியச் சாடியும் இறங்கும். சிவப்பாய்க் கொத்துக் கொத்தாய்ப் பூத்திருக்கும். பல்கனியில் வைத்து இரண்டு கிழமை ஆசையாகப் பார்ப்பார்கள். மே மாதம் மழை பிடிக்கும். ஜூன் பிறக்கும்போது இலை மஞ்சளாகி, அடித்தண்டு கறுத்து, செடி சாடியோடு குப்பை லொறிக்குப் போய்விடும். "கொழும்புச் சூட்டுக்கு அது சரிவராது" என்று எல்லோரும் ஒரே காரணத்தைச் சொல்வார்கள்.

சூட்டின்மேல் பழியைப் போடுவது பிழை. சூட்டில் ஜெரேனியம் சோரும், பூ சிறுக்கும், சில கிழமை பூக்காமலே நிற்கும். அவ்வளவுதான். அதைச் சாகடிப்பது ஈரம். வடியாத மண், காயாத இலை, காற்றுப் புகாமல் அடைந்துபோன நடுக்கிளைகள், இவை மூன்றும் சேர்ந்தால் ஒரு மாதம் தாங்காது. ஆகவே கொழும்பில் ஜெரேனியத்தைக் கத்தரிப்பது செடியை உலர்வாக வைத்திருப்பதற்காகத்தான். பூவும் வடிவும் அதன் பின்னாலே வரும்.

நான் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், தொடர்மாடியின் மூன்றாம் தட்டில் இருக்கிறேன். கிழக்குப் பார்த்த பல்கனி, பதினொரு சாடிகள். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக, நான் செய்கிற வரிசையிலேயே எழுதுகிறேன்.

எந்தக் கன்றை வாங்குவது

நாம் ஜெரேனியம் என்று சொல்வதன் தாவரவியல் பெயர் பெலர்கோனியம். லின்னேயஸ் 1753இல் இரண்டையும் ஒரே பெயரில் அடக்கினார். 1789இல் லெரித்தியே என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் பெலர்கோனியத்தைத் தனியாகப் பிரித்தார். அதற்குள் பழைய பெயர் மக்கள் வாயில் ஒட்டிக்கொண்டது. இரண்டு பெயருமே காயின் வடிவத்திலிருந்து வந்தவை. ஜெரேனியத்துக்குக் கிரேக்கத்தில் கொக்கு, பெலர்கோனியத்துக்கு நாரை. பூ உதிர்ந்தபின் ஒரு காயை விட்டுப் பாருங்கள், நீண்ட அலகு தெரியும்.

பெயரைவிட நமக்கு முக்கியமானது ஊர். இந்தச் செடிகளின் சொந்த இடம் பெரும்பாலும் தென்னாபிரிக்கா. கல்லும் மணலும் கலந்த சரிவுகளில், மழைக்கும் மழைக்கும் இடையில் நன்றாகக் காய்கிற நிலத்தில் வளர்ந்தவை. தடித்த தண்டில் தண்ணீரைச் சேமித்து வைக்கும் பழக்கம் அங்கிருந்து வந்தது. வருடத்துக்கு ஏறத்தாழ 2400 மில்லிமீற்றர் மழை விழுகிற கொழும்புக்கு அதைக் கொண்டுவந்திருக்கிறோம் என்பதை ஒவ்வொரு முறை தண்ணீர் ஊற்றும்போதும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் நான்கு வகை கிடைக்கும். இலையில் கருமையான வளையம் ஓடும் சாதாரண வகைதான் தொடங்குகிறவர்களுக்கு ஏற்றது. இலை தடித்து, ஐந்து முனையோடு, கொடிபோலத் தொங்கும் வகையும் இங்கே வளரும், ஆனால் கொஞ்சம் பொறுமை வேண்டும். பெரிய பூவில் கரும்புள்ளியோடு, பட்டுத் துணிபோல இருக்கும் வகையைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். அது மொட்டு வைக்கக் குளிர்ந்த இரவுகள் வேண்டும். நுவரெலியாவில் கிடைக்கும், கொழும்பில் ஒருபோதும் கிடைக்காது. வாங்கின அன்றைய பூவோடு அதன் கதை முடியும். நான்காவது, இலையைக் கசக்கினால் எலுமிச்சை, ரோஜா என்று மணக்கும் வகை. பூ சின்னது, ஆனால் எல்லாவற்றிலும் பிழைப்பில் கெட்டி. இதையே சில இடங்களில் நுளம்பை விரட்டும் செடி என்று விற்கிறார்கள். சாடியில் சும்மா நிற்கிற செடி நுளம்பை விரட்டாது. மணத்துக்காக வாங்குங்கள்.

வாங்கும் காலம் டிசம்பர் கடைசி முதல் பெப்ரவரி வரை. ஏப்ரலில் வாங்கினால், ஊர் பழக நாளில்லாமல் நேரே மே மழைக்குள் தள்ளுகிறீர்கள். மலைநாட்டிலிருந்துதான் கொண்டுவர வேண்டும் என்றில்லை. பத்தரமுல்லை தியத்த உயனவில் கன்று விற்கிறார்கள், வேறு பல நாற்றுமேடைகளும் உண்டு. ஏற்கெனவே இந்தக் காற்றில் சில மாதம் நின்ற கன்று நுவரெலியாக் கன்றைவிடச் சோபை குறைவாக இருக்கும், ஆனாலும் அதையே எடுங்கள்.

கையில் எடுத்ததும் இலையைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கத்தில் வட்டம் வட்டமாகக் கபிலப் பொடி இருந்தால் அது துரு நோய், வேண்டாம். அடித்தண்டைப் பெருவிரலால் மெதுவாக அழுத்துங்கள். கல்லுப்போல இருக்க வேண்டும். அமிழ்ந்தால் உள்ளே அழுகல். பை மண் சொட்டச் சொட்ட நனைந்திருந்தால் வேறு கடைக்குப் போங்கள். ஒருமுறை அப்படி நனைந்த பையில் நல்ல றோஸ் நிறக் கன்று ஒன்றை விலை பேசி வாங்கி வந்தேன். வீட்டில் பிரித்தபோது வேர் முழுவதும் கறுப்பு.

புதுக் கன்றை இரண்டு கிழமை மற்றச் சாடிகளுக்குத் தள்ளி வையுங்கள்.

சாடி, மண், இடம்

மண்சாடிதான் நல்லது. சுவர் வழியாகவே ஈரம் வெளியேறும். 15 முதல் 20 சென்ரிமீற்றர் வாய் போதும். பெரிய சாடியில் வைத்தால் பெரிதாக வளரும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் வேர் எட்டாத மண்ணில் தண்ணீர் தேங்கி, அந்த ஈரமே வேரைத் தேடி வரும். ஜெரேனியம் கொஞ்சம் நெருக்கத்தில்தான் நன்றாகப் பூக்கும்.

மண்ணுக்கு நான் எடுப்பது இரண்டு பங்கு தும்புச்சோறு, இரண்டு பங்கு பரும்படியான ஆற்றுமணல், ஒரு பங்கு கூட்டெரு, சாடிக்கு ஒரு கைப்பிடி கருக்கிய உமி. தும்புச்சோற்றை இரண்டு மூன்று தண்ணீரில் கழுவிப் பிழிந்து போடுங்கள், அதில் உப்பு இருக்கும். கடல்மணல் பக்கத்திலேயே கிடக்கிறது என்று அள்ளிவரக் கூடாது, அதற்கும் அதே காரணம்தான். மேல்மாகாணத்து மண்ணும் தும்புச்சோறும் புளிப்புப் பக்கம் சாய்பவை. ஜெரேனியத்துக்குக் காரகாடித்தன்மை (pH) 6க்கும் 6.5க்கும் நடுவில் இருக்க வேண்டும். புளிப்புக் கூடினால் இரும்பு, மங்கனீசு அளவுக்கு மீறி ஏறி, கீழ் இலைகளின் ஓரம் கபிலமாகத் தீய்ந்துபோகும். பசளைக் கடையில் வாங்கும் டொலமைற் சுண்ணாம்புத் தூள் ஒரு தேக்கரண்டி சாடிக்குக் கலந்தால் சரியாகும்.

சாடியின் கீழ்த்துளையை ஒரு துண்டு நுளம்பு வலையால் மூடுங்கள். சாடியை நேரே நிலத்தில் வைக்காமல், மூன்று ஓட்டுத்துண்டு வைத்து அதன்மேல் ஏற்றி வையுங்கள். துளை நிலத்தோடு ஒட்டினால் வடியாது.

கீழே தட்டு வைக்காதீர்கள் என்பதை அழுத்திச் சொல்கிறேன். செடிக்கும் கூடாது, வீட்டுக்கும் கூடாது. கொழும்பில் டெங்கு எப்போதும் நம் பக்கத்திலேயே இருக்கிறது. பூச்சாடித் தட்டில் தேங்கும் கொஞ்சத் தண்ணீர் ஈடிஸ் நுளம்புக்குப் போதும். முட்டை பறக்கும் நுளம்பாவதற்கு ஏறத்தாழ ஒரு கிழமை, பத்து நாள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்தால் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டத்தின்படி நடவடிக்கையும் எடுக்கலாம். கீழ்வீட்டுப் பல்கனிக்கு ஒழுகும் என்பதால் தட்டு வைத்தே ஆக வேண்டுமென்றால், தண்ணீர் ஊற்றிக் கால் மணித்தியாலத்தில் தட்டைக் கவிழ்த்துவிடுங்கள், கிழமைக்கு ஒருமுறை தும்புப் பிறஷ்ஷால் உரஞ்சிக் கழுவுங்கள். முட்டை தட்டின் சுவரில் ஒட்டிக்கொண்டு காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தண்ணீரை ஊற்றிவிடுவது மட்டும் போதாது.

வெயில் காலையில் நான்கைந்து மணித்தியாலம் படவேண்டும், பதினொரு மணிக்குப் பிறகு நிழல் விழவேண்டும். கிழக்குப் பல்கனி என்றால் இது தானாக அமையும். கடல் பார்த்த மேற்குப் பல்கனிதான் இருக்கிறதா? தென்மேல் பருவக்காற்றில் உப்பு அப்படியே இலையில் படியும். அந்த மாதங்களில் சாடியைச் சுவரின் மூலைக்குத் தள்ளி, கிழமைக்கு ஒருமுறை காலையில் நல்ல தண்ணீரால் இலையைக் கழுவி, வெயிலில் உலர விடுங்கள். இலையில் தண்ணீர் படக்கூடாது என்ற விதிக்கு இது ஒன்றே விலக்கு.

தண்ணீர்

விரலை இரண்டாம் கணு வரை மண்ணுக்குள் விடுங்கள். ஈரம் பட்டால் இன்றைக்கு வேண்டாம். காய்ந்திருந்தால் காலையில், இலையை நனைக்காமல், துளையால் வழியும் வரை ஊற்றுங்கள். தினம் ஒரு கப் என்று கணக்கு வைக்காதீர்கள். பெப்ரவரியில் என் சாடிகளுக்கு இரண்டு நாளுக்கு ஒருமுறை ஊற்றுகிறேன். ஒக்டோபரில் பத்து நாள் ஊற்றாமலும் இருந்திருக்கிறேன். சில மாதம் பழகினால் சாடியைத் தூக்கிப் பார்த்தே தெரிந்துவிடும்.

ஒரு ஏமாற்று இருக்கிறது. வேர் அழுகினாலும் இலை வாடும். வாடினதைப் பார்த்துப் பதறி ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றுவதால்தான் பாதிச் செடிகள் போகின்றன. இலை வாடி, மண் ஈரமாக இருந்தால் தண்ணீரை நிறுத்துங்கள்.

கத்தரிக்கும் காலம்

குளிர்நாட்டுக் குறிப்புகளில் பனிக்கு முன் வெட்டு, வசந்தத்தில் வெட்டு என்று இருக்கும். நமக்குப் பனியும் இல்லை, வசந்தமும் இல்லை. நமது நாட்காட்டி மழை. மே, ஒக்டோபர், நவம்பர் இந்த மூன்று மாதமும் கொழும்பில் சராசரியாக 300 மில்லிமீற்றருக்கு மேல் பெய்யும். அப்போது வெட்டின காயம் ஆறாது, காற்றிலிருக்கும் பூஞ்சண வித்து நேரே உள்ளே போகும். ஐப்பசி அடைமழையில் கத்தரியைக் கையில் எடுக்கவே கூடாது. அழுகின கிளையை மட்டும், மழை விட்ட ஒரு காலையில் எடுத்துவிடலாம்.

பெரிய வெட்டு நத்தாருக்கும் தைப்பொங்கலுக்கும் இடையில். மழை ஓய்ந்து, இரவு 22 பாகை வரை இறங்கி, பகலில் தெளிந்த வெயில் அடிக்கிற காலம் அது. அப்போது வெட்டினால் ஆறு தொடக்கம் எட்டுக் கிழமையில் புதுக்கொத்து வரும். பெப்ரவரி கடைசியில் தொடங்கிச் சித்திரை வருடப்பிறப்பு வரை பல்கனி நிறைந்திருக்கும்.

இரண்டாவது வெட்டு ஏப்ரல் கடைசியில், மே மழைக்கு முன்னால். இது நீளம் குறைக்கிற வெட்டு அல்ல. நடுவைத் திறந்து காற்று விடுகிற வெட்டு. இதைப் பலர் செய்வதில்லை. பூத்துக்கொண்டிருக்கிற செடியை யார்தான் வெட்டுவார்கள்? ஆனால் மே மழையைத் தாண்டுகிற சாடிக்கும் தாண்டாத சாடிக்கும் நான் கண்ட வித்தியாசம் பெரும்பாலும் இந்த வெட்டுத்தான். மூன்றாவது, ஜூலை ஓகஸ்டில் மழை சற்றுக் குறையும் இடைவெளியில், நீண்டு போன நுனிகளை மட்டும் எடுப்பது.

வெட்டும் முறை

கீழ்வீட்டு மாமியிடம் ஒரு பழைய ஜெரேனியம் இருந்தது. நான்கடி நீளத்துக்குக் கம்பியில் கட்டி வைத்திருந்தார். அடியிலிருந்து இடுப்பு வரை வெறும் தண்டு, உச்சியில் நாலைந்து இலை, வருடத்துக்கு இரண்டு பூ. வெட்டட்டுமா என்று கேட்டதற்கு, "பூக்கிற மரத்தில கத்தி வைக்கக் கூடாது பிள்ளை, பாவம்" என்றார். அந்தப் பயம் எனக்கும் ஒரு காலத்தில் இருந்தது. பிறகுதான் காரணம் விளங்கியது. நுனிமொட்டு உயிரோடு இருக்கும்வரை, அது சுரக்கும் ஓட்சின் என்ற வளர்ச்சிச் சுரப்பு கீழே உள்ள மொட்டுகளை எழும்பவிடாமல் அடக்கி வைத்திருக்கும். நுனியை எடுத்தால் அந்தத் தடை நீங்கும். வெட்டின இடத்துக்குக் கீழே தூங்குகிற இரண்டு மூன்று மொட்டும் விழிக்கும். ஒரு கிளை மூன்றாகும். ஜெரேனியம் புதுத்துளிரில்தான் பூக்கும் என்பதால், கிளை கூடினால் கொத்தும் கூடும். இதைச் சொன்னபோது மாமி, "அப்ப நீயே வெட்டு, நான் பார்க்கமாட்டன்" என்று உள்ளே போய்விட்டார்.

இனி வேலையைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

வெட்டுவதற்கு இரண்டு நாளுக்கு முன்னால் தண்ணீரை நிறுத்துங்கள். சற்றுக் காய்ந்த தண்டில் காயம் விரைவாக மூடும். மழையில்லாத காலை நேரத்தைத் தெரிவுசெய்யுங்கள், இலை உலர்ந்திருக்க வேண்டும்.

கூர்மையான சின்னக் கத்தரி ஒன்று, பார்மசியில் வாங்கின சேர்ஜிக்கல் ஸ்பிரிட், ஒரு பஞ்சு, இவ்வளவு போதும். கத்தரியைத் துடையுங்கள். ஒரு செடியை முடித்து அடுத்ததுக்குப் போகும்போது மறுபடி துடையுங்கள். இதைச் சோம்பலில் விட்டதால் ஒரு வருடம் நான்கு சாடியை இழந்தேன். முதலாவது செடியில் பற்றீரியா இருந்திருக்கிறது. கத்தரியே அதை வரிசையாக மற்ற மூன்றுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தது. அதற்கு மருந்து கிடையாது.

முதலில் செத்ததை எடுங்கள். மஞ்சள் இலை, கபில இலை, காய்ந்த பூ, அழுகின குச்சி எல்லாம். மண்ணின்மேல் விழுந்து கிடப்பதையும் பொறுக்குங்கள். இதை முடித்துவிட்டு இரண்டடி தள்ளி நின்று செடியைப் பாருங்கள். இப்போதுதான் அதன் எலும்பு தெரியும்.

அடுத்து, நடுப்பக்கம் நோக்கி வளர்ந்த கிளை, ஒன்றையொன்று உரசும் கிளை, நூல்போல மெலிந்த கிளை. இவற்றை அடியோடு எடுங்கள். முடிவில் செடி ஒரு திறந்த கிண்ணம்போல இருக்க வேண்டும், மேலேயிருந்து பார்த்தால் மண் தெரியவேண்டும்.

மூன்றாவது, மிச்சக் கிளைகளின் நீளம். தண்டைத் தடவிப் பாருங்கள், வளையம்போலத் தடித்த இடங்கள் தட்டுப்படும். அவைதான் கணு. இலை இருந்த தழும்பு அங்கே இருக்கும், தூங்குகிற மொட்டும் அங்கேதான். வெளிப்பக்கம் பார்த்த ஒரு கணுவைத் தேர்ந்தெடுத்து, அதற்கு மேலே அரைச் சென்ரிமீற்றர் விட்டு, சற்றுச் சரிவாக வெட்டுங்கள். அதைவிட நெருங்கினால் மொட்டுக் காய்ந்துபோகும். கூட விட்டால் அந்த மொட்டைக் குச்சி கறுத்து, அழுகல் கீழே இறங்கும். வெட்டின முகத்தைப் பாருங்கள். வெளிறின பச்சை என்றால் நல்லது. கபில வளையமோ கறுப்போ தெரிந்தால் கத்தரியைத் துடைத்து, அடுத்த கணுவுக்கு இறங்கி வெட்டுங்கள். பச்சை வரும்வரை இறங்குங்கள்.

எவ்வளவு வெட்டுவது? பல குறிப்புகளில் மூன்றில் இரண்டு பங்கை எடு, இலையே மிச்சம் வைக்காதே என்று இருக்கும். கொழும்பில் அப்படிச் செய்ய வேண்டாம். இலையில்லாத செடி மண்ணிலிருந்து தண்ணீரை உறிஞ்சாது, நம் ஈரக்காற்றில் மண்ணும் காயாது, வேர் உள்ளேயே அழுகிவிடும். பாதிக்கு மேல் எடுக்காதீர்கள். ஒவ்வொரு கிளையிலும் இரண்டு மூன்று இலையாவது நிற்கட்டும். மாமியின் செடிபோல அடி முழுக்க மொட்டையாக இருந்தால் ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள். கிளைகளில் பாதியை இன்று குறையுங்கள். அவற்றில் பச்சைத் துளிர் கண்டபின், மூன்று கிழமை அளவில், மற்றப் பாதியைக் குறையுங்கள். மாமியின் செடியை அப்படித்தான் செய்தேன். மார்ச் மாதம் அதில் ஏழு கொத்து நின்றது.

வெட்டின இடத்தில் மஞ்சளோ சுண்ணாம்போ சாம்பலோ பூசத் தேவையில்லை. காற்றில் தானாகக் காயும். மூன்று நாள் மழைச்சாரல் படாத இடத்தில் வையுங்கள். துளிர் வரும்வரை தண்ணீரைப் பாதியாகக் குறையுங்கள், பசளை ஒன்றும் போடாதீர்கள். இரண்டு மூன்று கிழமையில் கணுக்களில் பச்சைப் புள்ளி தெரியும்.

அந்தத் துளிர் நான்கைந்து இலை விட்டதும் நுனியை மட்டும் நகத்தால் கிள்ளுங்கள். ஒருமுறை கிள்ளினால் போதும். திரும்பத் திரும்பக் கிள்ளினால் பூ தள்ளித் தள்ளிப் போகும்.

பூ முடிந்த கொத்தை எடுப்பது கத்தரியில்லாமல் செய்கிற வேலை. காம்பு தண்டோடு சேரும் மூட்டில் விரலை வைத்துப் பக்கவாட்டில் தள்ளினால் 'டக்' என்று கழன்றுவிடும். பூவை மட்டும் கிள்ளிக் காம்பை விட்டால், அந்தக் காம்பு அழுகித் தண்டுக்குள் இறங்கும். மழைக்காலத்தில் கொத்தில் பாதி பூ வாடும்போதே முழுக்கொத்தையும் எடுத்துவிடுகிறேன். நனைந்த இதழ் இலையில் விழுந்து ஒட்டினால் சீக்கிரமே அங்கே சாம்பல் பூஞ்சணம் பிடிக்கும்.

வெட்டின துண்டை எறியாதீர்கள்

நல்ல நுனிகளில் 7 முதல் 10 சென்ரிமீற்றர் நீளத்துக்குத் துண்டு எடுங்கள். இங்கே வெட்டு கணுவுக்குக் கீழே. மேலே இரண்டு மூன்று இலையை விட்டு, கீழ் இலை, மொட்டு, பூ, கணுவில் ஒட்டியிருக்கும் சின்னச் செதில் இலை எல்லாவற்றையும் நீக்குங்கள். நிழலில் ஒரு கடதாசியில் பரப்பி, காலையில் வெட்டினதை மாலையில் நடுங்கள். காயம் காய்ந்து மெல்லிய தோல் கட்டியிருக்கும்.

யோகட் கப்பின் அடியில் நான்கு துளை போட்டு, மணலும் தும்புச்சோறும் சரிபாதி நிரப்பி, இரண்டு கணு உள்ளே போக ஊன்றி, ஒருமுறை தண்ணீர் ஊற்றுங்கள். பொலித்தீன் பையால் மூடக் கூடாது. ரோஜாவுக்கும் செவ்வரத்தைக்கும் பழகின கை தன்னால் மூடப் பார்க்கும், ஜெரேனியம் அந்தப் புழுக்கத்தில் அடியிலிருந்து கறுத்து விழும். வெளிச்சமான நிழலில், மண் லேசாகக் காய்ந்தபின் மட்டும் தண்ணீர். இரண்டு தொடக்கம் நான்கு கிழமையில் வேர் விடும். மெதுவாக இழுத்தால் மண்ணைப் பிடித்து நிற்கும்.

பசளையும் நோயும்

பசளை பூக்கும் காலத்தில் மட்டும், இரண்டு கிழமைக்கு ஒருமுறை. நான் பாவிப்பது மண்ணில்லாப் பயிர்ச்செய்கைக்கு விற்கும் அல்பர்ட் பசளை, பைக்கற்றில் போட்டிருக்கும் அளவில் பாதி. யூரியா போட்டால் இலை காடாக வளரும், பூ வராது, அடர்த்தியில் ஈரம் தங்கும். மழை மாதங்களில் பசளையே வேண்டாம்.

நோயில் கவனிக்க வேண்டியவை சில. இலைக்கு அடியில் கபிலப் பொடி கண்டால் அந்த இலைகளை எடுத்துப் பையில் கட்டி எறியுங்கள், கூட்டெருக் கிடங்கில் போடாதீர்கள். இலைக்கு அடியில் தக்கைபோலச் சின்னக் கொப்புளம் வந்தால் அது நோயில்லை, தண்ணீர் கூடியதன் அடையாளம். கணுவில் பஞ்சுபோல வெள்ளைப்பூச்சி ஒட்டினால் ஸ்பிரிட்டில் தோய்த்த பஞ்சால் துடையுங்கள். மண் ஈரமாக இருக்க, இலைகள் குடை மடங்குவதுபோலத் தொங்கி, தண்டும் கறுத்தால், செடியை மண்ணோடு அப்புறப்படுத்துங்கள். ஒரு வகைப் பற்றீரியா வாடல் தக்காளி, கத்தரி, மிளகாய்க்கும் வரும். எனவே அந்த மண்ணை மரக்கறிச் சாடிக்குப் போடவும் கூடாது, மரக்கறிச் சாடியின் பழைய மண்ணை ஜெரேனியத்துக்கு எடுக்கவும் கூடாது.

வீட்டில் பூனையோ நாயோ இருந்தால் எட்டாத உயரத்தில் வையுங்கள். இலையைத் தின்றால் அவற்றுக்கு ஒத்துக்கொள்ளாது.

மே வருவதற்கு முன்

மார்ச் மாதத்தில், செடி நல்ல தெம்பாக இருக்கும்போதே, பிடித்த நிறங்களில் இரண்டிரண்டு துண்டு எடுத்து ஊன்றிவிடுகிறேன். தாய்ச்செடி மழையில் போனாலும் நிறம் போகாது. ஏப்ரல் கடைசி வெட்டு முடிந்ததும், சாடிகளைச் சுவரோரம், கூரைச் சாரல் எட்டாத வரிக்கு இழுத்து, ஒன்றின் இலை மற்றதில் முட்டாதபடி ஒரு சாண் இடைவெளி விடுகிறேன். யோகட் கப்புகள் யன்னலுக்கு உள்ளே, காலை வெயில் விழும் யன்னல் கட்டின்மேல் நிற்கும். முதல் பெருமழை அடித்த மறுநாள் காலை, ஒவ்வொரு சாடியாகத் தூக்கிப் பார்த்து, பாரமாக இருப்பதைச் சற்றுச் சரித்து வைத்து வடிய விடுகிறேன்.